காந்தப் படமும் வேறுபாட்டு மருந்தும்: கண்டறியும் முறை வளர்ந்த வரலாறு

உடலைக் கீறிப் பார்க்காமலே அதனுள் நடப்பதை அறிய வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெடுநாளைய வேட்கை. அவ்வேட்கை 1895ஆம் ஆண்டில் ஒருவாறு நிறைவேறியது. ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். கையை வைத்தால் எலும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் குடல், இரத்தக் குழாய், மூளை ஆகிய மெல்லிய உறுப்புகள் பிரித்தறிய இயலாத ஒரே நிழலாக நின்றன. எலும்புக்கும் தசைக்கும் இடையே இயற்கை வைத்த வேறுபாடு, தசைக்கும் குருதிக்கும் இடையே இல்லை. இல்லாத அவ்வேறுபாட்டை உண்டாக்குவதற்கென்று உடலுள் செலுத்தப்படும் பொருளே வேறுபாட்டு மருந்து எனப்படும். பேச்சு வழக்கில் இதனை 'டை' என்றும் 'சாயம்' என்றும் சொல்லக் கேட்கிறோம். மருந்து என்று பெயர் பெற்றாலும் இது நோயைத் தீர்ப்பதன்று. நோய் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பது.

1896ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே வியன்னா நகரத்து அறிஞர் இருவர், உயிரற்ற ஒரு கையின் குழாய்களில் கதிரை மறைக்கும் கலவையைச் செலுத்திப் படம் எடுத்தனர். பின்னர் இரைப்பையையும் குடலையும் காணப் பேரியம் உப்பு வந்தது. 1930ஆம் ஆண்டையொட்டித் தோரியம் கலந்த ஒரு மருந்தும் புழக்கத்திற்கு வந்தது. அது தந்த படங்கள் மிகத் தெளிவானவை. ஊசி போட்டுக்கொண்டவர்க்கு அப்போது தொல்லையும் தோன்றவில்லை. ஆனால் தோரியம் கதிரியக்கம் உடையது. அஃது உடலை விட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. படம் தெளிவாக வருவது ஒன்று, மருந்து நல்லதாக இருப்பது மற்றொன்று என்பதை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அதே பாடம் நம் காலத்தில் காந்தப் படத்துறையிலும் மறுமுறை கற்கப்பட்டது. மருந்தைத் தெளிவாகக் காண வேண்டுமானால் செய்யத்தக்கது யாது? மருந்தின் அளவைக் கூட்டுவதா? காணும் முறையைக் கூர்மையாக்குவதா? இவ்விரு வழிகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

காந்தப் படம் எடுக்கப்படும் விதம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்கும் நெறி. பம்பரத்திலிருந்து தொடங்குவோம். நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் கருவாகிய புரோட்டான் ஒரு சின்னஞ்சிறு காந்தம், தற்சுழற்சியும் உடையது. வலிமை மிக்க காந்தத்தின் நடுவே உடலைக் கிடத்தினால், இக்கருக்கள் சாய்ந்து சுழலும் பம்பரங்களைப் போல் அக்காந்தத்தின் திசையைச் சுற்றி ஆடுகின்றன. காந்தத்தின் வலிமை 1 டெஸ்லா ஆனால் ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 இலட்சம் முறை. அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையை அனுப்பினால், கருக்கள் அதனோடு ஒத்து அதிர்ந்து ஆற்றலைப் பெறுகின்றன. அலையை நிறுத்தியதும் அவை மெல்லிய ஒலிபரப்பு ஒன்றைத் திருப்பித் தருகின்றன. பிறகு படிப்படியாகப் பழைய நிலைக்கு அடங்குகின்றன. இதனாலேயே இதற்குக் காந்த ஒத்ததிர்வுப் படம் என்று பெயர். எம்.ஆர்.ஐ. என்று சுருக்கமாக வழங்குவதும் இதுவே.

பழைய நிலைக்கு அடங்க ஆகும் காலத்தைத் தளர்வு நேரம் என்பர். தூய நீரில் அஃது ஏறத்தாழ 3 நொடி. கொழுப்பில் மிகக் குறைவு. மூளை, தசை, கட்டி ஆகியவற்றில் வெவ்வேறு அளவு. இவ்வேற்றுமையே படத்தில் கறுப்பு வெளுப்பாக மாறுகிறது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் நாம் காண்பது பேரியத்தின் நிழலையே. காந்தப் படத்திலோ நாம் வேறுபாட்டு மருந்தைக் காண்பதே இல்லை! மருந்தை அடுத்துள்ள நீரின் நடத்தை மாறுவதையே காண்கிறோம். நம் தோட்டங்களில் ரப்பர்ப் பாலில் சிறிதளவு அமிலம் ஊற்றுகிறார்கள். அமிலத்தைக் கண்ணால் காண முடியாது. ஆனால் தொட்டியிலுள்ள பால் முழுதும் உறைவதைக் கொண்டு அது சேர்ந்ததை அறிகிறோம். இங்கும் அதுபோலவே. மருந்தின் ஒரு மூலக்கூறை நீர் மூலக்கூறுகள் நொடிக்கு இலட்சக்கணக்கான முறை வந்து தொட்டுச் செல்கின்றன. தொட்டவை யாவும் விரைந்து அடங்குகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிமோல் அளவு மருந்து கரைந்திருந்தால், 3 நொடியாக இருந்த தளர்வு நேரம் கால் நொடிக்கும் குறைவாகிவிடும். ஆகவே காந்தப் படத்தில் மருந்தைக் கண்டறிதல் என்பது நீரிடம் கேள்வி கேட்டு விடை பெறுதலே ஆகும். கேள்வியை எவ்வாறு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையின் தெளிவு அமையும்.

இரண்டு குழாய்கள் சொன்ன செய்தி

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்துப் பிளாக்கும், ஹார்வர்டு பல்கலைக் கழகத்துப் பர்செலும் தனித்தனியே இவ்வொத்ததிர்வைக் கண்டறிந்தனர். 1952இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீரின் கருக்கள் மெல்ல அடங்குவது பிளாக்கின் குழுவினருக்கு இடையூறாக இருந்தது. அவர்கள் நீரில் இரும்பு நைட்ரேட்டைச் சிறிது கரைத்துத் தளர்வை விரைவுபடுத்தினர். மருத்துவப் படம் என்னும் எண்ணமே பிறவாத காலத்தில், சோதனையை விரைவாக முடிப்பதற்காகச் செய்யப்பட்ட இச்செயலே பிற்கால வேறுபாட்டு மருந்துகள் அனைத்திற்கும் வித்து.

1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லாட்டர்பர் என்னும் அமெரிக்க வேதியல் பேராசிரியர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படம் வரையலாம் என்பதைக் காட்டிய கட்டுரை அது. முதலில் அதனை வெளியிட அவ்விதழ் மறுத்தது என்பதும், 2003இல் லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது என்பதும் பலர் அறிந்தவை. அக்கட்டுரையில் வந்த படம் யாது என்பதைப் பலர் அறியார். மனித உடலோ விலங்குடலோ அன்று. நீர் நிரம்பிய இரண்டு நுண்குழாய்களே.

அவ்விரு குழாய்களைக் கொண்டு லாட்டர்பர் மற்றொரு சோதனையும் செய்தார். ஒன்றில் தூய நீர். மற்றொன்றில் மாங்கனீசு உப்பு மிகச் சிறிதளவு கரைந்த நீர். வானொலி அலையின் வலிமையைக் குறைத்துப் படம் எடுத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. வலிமையைக் கூட்டியபோது தூய நீர்க் குழாய் படத்திலிருந்து மறைந்தது. மாங்கனீசுக் குழாய் மட்டும் நின்றது. தூய நீர் அடுத்தடுத்து வந்த அலைக்கு ஈடுகொடுத்து அடங்க முடியாமல் சோர்ந்தது. மாங்கனீசு கலந்த நீரோ விரைந்து அடங்கி விடை தந்தது.

குழாய்களில் எந்த மாற்றமும் இல்லை. கூடுதலாக ஒரு துளி மருந்தும் சேர்க்கப்படவில்லை. கேட்கும் முறை மட்டுமே மாறிற்று. பின்வந்த ஐம்பதாண்டு வளர்ச்சியின் சாரம் இம்முதற் கட்டுரையிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

1978இல் லாட்டர்பரும் அவர் தோழர்களும் நாய்களுக்கு மாங்கனீசு உப்பைச் செலுத்தி, இதயத்தின் நலமுள்ள தசைக்கும் குருதியோட்டம் இழந்த தசைக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டினர். 1981இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இரும்பு உப்பைக் குடிக்கச் செய்து இரைப்பையைத் தெளிவாகக் கண்டனர். ஆனால் குருதியில் செலுத்துவதற்கு ஏற்ற பொருள் இன்னும் அமையவில்லை.

கடோலினியத்தின் வருகை

அப்பொருள் தனிம வரிசையில் 64ஆம் இடத்திலுள்ள கடோலினியம். 1880இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் மாரிக்நாக் இதனைக் கண்டறிந்தார். பின்லாந்து நாட்டு வேதியல் அறிஞர் கடோலின் நினைவாக இதற்குப் பெயர் அமைந்தது. இதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு காந்தம். ஆதலின் அருகிலுள்ள நீரை அடக்குவதில் இதற்கு நிகரானவை மிகச் சில.

ஆனால் கடோலினியம் தனித்த நிலையில் நஞ்சு. அதன் அயனி அளவில் கால்சியத்தை ஒத்திருப்பதால், உடலில் கால்சியம் ஆற்ற வேண்டிய பணிகளில் நுழைந்து குழப்பம் விளைக்கும். என் செய்வது? பெர்லின் நகரத்துச் செரிங் நிறுவனத்தில் வைன்மன் முதலான ஆய்வாளர்கள், டி.டி.பி.ஏ. என்னும் கரிமப் பொருளைக் கொண்டு கடோலினியத்தை நண்டின் கொடுக்கு போலக் கவ்விப் பிடிக்கச் செய்தனர். கவ்விய நிலையிலும் நீர் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டுவதற்கு இடம் விட்டிருந்தது. வேலை செய்ய வழியும் உண்டு. நஞ்சுக்குக் கட்டும் உண்டு. மருந்து தன் வேலையை முடித்துச் சிறுநீரகம் வழியே வெளியேறும். 1981இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1983இல் மனிதருக்கு முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. 1988இல் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் புழக்கத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. வழக்கமான அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு இதில் ஏறத்தாழ ஒரு கிராம் கடோலினியம் அடங்கும்.

மூளை நோய்களில் இதன் பயன் பெரிது. 1885இல் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றியபோது, மற்ற உறுப்புகள் நிறம் பெற்றன; மூளை மட்டும் நிறம் பெறவில்லை. மூளைக் குழாய்களின் சுவர் கண்ட பொருளையும் உள்ளே விடுவதில்லை என்பது இதனால் பின்னர்ப் புலனாயிற்று. கடோலினிய மருந்தும் நலமுள்ள மூளைக்குள் நுழைவதில்லை. கட்டியோ அழற்சியோ அந்தத் தடுப்பைக் குலைத்த இடத்தில் மட்டும் கசிந்து நிற்கும். அவ்விடம் வெண்மையாக ஒளிரும். பழைய தழும்பு எது, இன்று எரிந்துகொண்டிருக்கும் புண் எது என்பதை மருத்துவர் இதனாலேயே பிரித்தறிகின்றனர்.

கரும்பலகையைக் கரிதாக்கும் வழி

மருந்து வந்த பிறகே கண்டறியும் கலை வளரத் தொடங்கியது. மருந்து சேர்ந்த இடம் வெண்மையாகத் தெரியும் என்றோம். ஆனால் கொழுப்பும் அதே படத்தில் வெண்மையாகவே தெரியும். கண்ணுக்குப் பின்னுள்ள நரம்பிலோ மார்பகத்திலோ சிறு நோய்க்குறி இருந்தால், அது கொழுப்பின் வெண்மையில் மூழ்கிப் போகும். வெள்ளைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினால் எந்த மாணவன் படிப்பான்? சுண்ணக்கட்டியை அழுத்தி எழுதிப் பயனில்லை. பலகை கறுப்பாக இருக்க வேண்டும்.

ஆகவே கொழுப்பின் ஒளியை அடக்கும் முறைகள் தோன்றின. கொழுப்பின் கருக்களும் நீரின் கருக்களும் ஒரே வேகத்தில் ஆடுவதில்லை, 1.5 டெஸ்லா காந்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 220 ஆட்டம் வேறுபடும். இச்சிறு வேறுபாட்டைக் கொண்டு கொழுப்பையும் நீரையும் பிரிக்கும் வழியை 1984இல் டிக்சன் காட்டினார். கொழுப்பை மட்டும் தேர்ந்து அடக்கும் அலைகளும் வந்தன. இதே காலத்தில் வந்த வேறொரு முறை, விரைந்து அடங்குவனவற்றையெல்லாம் மறைப்பதன் வாயிலாகக் கொழுப்பை மறைத்தது. மருந்து பெற்ற நோய்க்குறியும் விரைந்து அடங்குவது தானே? ஆதலின் அம்முறை மருந்தையும் சேர்த்து மறைத்துவிடக் கூடும். ஒரு முறை சிறந்தது என்பதாலேயே அஃது எல்லாவற்றிற்கும் பொருந்திவிடாது என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

மருந்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பார்க்கும் வழியும் வந்தது. மாறாதவை மறைய, மாறியது மட்டும் எஞ்சும். நோயாளி சற்று அசைந்தாலும் கணக்குப் பிழைபடும் என்பது இதன் குறை. மருந்து சென்றதும் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, எந்த இடம் விரைவில் ஒளிர்ந்து விரைவில் மங்குகிறது என்று பார்க்கும் முறை மார்பகப் புற்றுநோயை ஆராய உதவியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் பிரின்சு, மருந்து தமனிகளில் ஓடும் நேரத்தைக் கணித்துப் படமெடுத்துக் குருதிக் குழாய்களைத் தெளிவாகக் காட்டினார். 1989இல் வெளிவந்த மற்றொரு முறை, பெரிய மூலக்கூறுகளோடு பிணைந்த நீரைச் சோர்வடையச் செய்து மூளைப் பின்னணியை மங்கச் செய்தது; அதன்மேல் மருந்து பெற்ற புண் தனித்து நின்றது. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவாக உயர்ந்ததும் இத்தகைய பயன் தந்தது. வலிய காந்தத்தில் உறுப்புகள் மேலும் மெல்ல அடங்குவதால், மருந்து பெற்ற இடம் மேலும் எடுத்துக் காட்டப்படுகிறது.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஊசியில் ஏற்றிய மருந்தின் அளவு கூடவில்லை. கரும்பலகை கரிதாயிற்று; அவ்வளவே.

அளவைக் கூட்டியதால் வந்த கேடு

மற்றொரு வழியையும் சிலர் நாடினர். 1990களில் மும்மடங்கு மருந்து செலுத்திய ஆய்வுகளில் மூளையின் சிறு புண்கள் மிகுதியாகத் தென்பட்டன. இம்மருந்து தீங்கற்றது என்னும் நம்பிக்கையும் அப்போது பரவியிருந்தது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு எக்ஸ் கதிர்ப் படத்தின் அயோடின் மருந்தைவிட இதுவே நல்லது என்றும் கருதினர்.

1997 முதல் அமெரிக்காவில் டயாலிசிஸ் சிகிச்சை பெறும் நோயாளிகள் சிலரிடம் ஒரு புதுநோய் காணப்பட்டது. தோல் தடித்து மரக்கட்டை போல் இறுகியது. கை கால் மூட்டுகள் மடங்கவில்லை. சிலர்க்கு உள்ளுறுப்புகளும் இறுகி உயிர் போயிற்று. 2000ஆம் ஆண்டில் இந்நோய் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. காரணம் மட்டும் விளங்கவில்லை. 2006இல் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் குரோப்னர், இந்நோயாளிகள் கடோலினிய மருந்து பெற்றவர்கள் என்பதைச் சுட்டிக் காட்டினார். சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து உடலில் நீடித்துத் தங்க, கொடுக்கின் பிடி தளர்ந்து கடோலினியம் விடுபடுகிறது என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். பெற்ற அளவு மிகுந்தவர்க்கு இடரும் மிகுந்தது. கடோலினியத்தை நீண்ட சங்கிலி போல் வளைத்துப் பிடித்த மருந்துகளிலேயே இந்நோய் பெரும்பாலும் தோன்றியது. கூண்டு போல் சுற்றி அடைத்த மருந்துகளில் மிக அரிது. 2007இல் அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது. சிறுநீரகத்தைச் சோதித்த பின்னரே ஊசி என்ற ஒழுங்கு வந்தபின் புதிய நோயாளிகள் தோன்றுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று.

2014இல் மற்றொரு செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. பலமுறை இம்மருந்து பெற்றவர்களின் மூளையில், மருந்து செலுத்தாத படத்திலும் சில பகுதிகள் வெண்மையாகத் தெரிவதைக் காண்டா என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் கண்டனர். கடோலினியம் சிறிது அங்கே தங்கிவிடுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. அதனால் மூளைக்கு ஊறு நேர்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் 2017இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை நிறுத்தி வைத்தது. மனித உடலை விட்டு நீங்கிய கடோலினியம் ஜெர்மன் ஆறுகளில் கலந்திருப்பதை 1996லேயே ஆய்வாளர் கண்டிருந்தனர் என்பதும் நினைக்கத் தக்கது.

அளவு கூடினால் படம் எப்போதும் சிறக்கும் என்பதும் உண்மையன்று. மருந்து மிகச் செறிந்த இடத்தில் ஒளி பெருகாமல் குன்றும். சிறுநீர்ப்பையின் அடியில் செறிந்து தேங்கிய மருந்து படத்தில் கறுப்பாகவே தெரிகிறது.

குறைந்த மருந்தில் நிறைந்த காட்சி

இவ்வரலாற்றின் பயனாக ஆய்வு இப்போது முதல் வழிக்கே திரும்பியுள்ளது. 2018இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு மருந்து கொடுத்து எடுத்த படத்தைக் கணினிக்குக் காட்டி, முழு அளவு கொடுத்திருந்தால் படம் எவ்வாறு அமையும் என்று கணிக்கப் பயிற்றினர். விளைவு ஊக்கம் தருவதாக இருந்தது. எனினும் கணினி கணிப்பது தான் முன்னர்க் கற்ற படங்களின் வழியே. இல்லாத புள்ளியை இருப்பதாகவும், இருக்கும் சிறு புள்ளியை இல்லையெனவும் அது காட்டிவிடக் கூடும். ஆதலின் இம்முறையை மருத்துவர் எச்சரிக்கையோடு சோதித்து வருகின்றனர். 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய கூண்டு வகை மருந்து ஒன்று, தன்னிடம் ஒரே நேரத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்ட இடமளிக்கிறது. ஆகவே கிலோவுக்கு 0.05 மில்லிமோல், அதாவது பாதி அளவே, அதற்குப் போதுமானதாகிறது.

படம் எடுக்கச் செல்வோர் இதனால் அஞ்ச வேண்டுவதில்லை. தேவையான இடத்தில் இவ்வூசி உயிர் காக்கும் கருவி. சிறுநீரக நோய் இருந்தாலும், முன்னர் இவ்வூசியால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும் அதனை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எழுதப் படிக்க இயலாத பெற்றோரையும் முதியோரையும் அழைத்துச் செல்பவர்கள் இதனை அவர்களுக்காக எடுத்துச் சொல்லுதல் கடமை.

ஆசிரியப் பெருமக்கள் அறிவியல் வகுப்பில் இவ்வரலாற்றைச் சொல்லலாம். லாட்டர்பரின் இரண்டு குழாய்களைக் கரும்பலகையில் வரைந்து, மருந்தைக் கூட்டாமல் ஒன்றை மட்டும் காட்டியது எவ்வாறு என்று மாணவரைக் கேட்கலாம். விடை சொல்லும் மாணவன் ஒரு கருவியின் கதையை மட்டும் கற்றவனாகான். ஒன்று தெளிவாகத் தெரியாதபோது அதனைப் பெருக்குவதற்கு முன், நாம் பார்க்கும் முறையைத் திருத்த இயலுமா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் கற்றவனாவான்.